காசு கொடுத்து வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. காசு கொடுத்துக் கேம் வாங்கியாயிற்று, ஆனால் விளையாட முடியவில்லை, இணையம் கேட்கிறது. கிளிநொச்சியில் ஏ9 வீதிப் பக்கம் கணினி திருத்தும் கடை வைத்திருப்பதால் இதே குறையை மேசைக்கு முன்னாலும் அடிக்கடி கேட்கிறேன். பிரின்டர் கேள்விகள் அடுத்த இதழில் வரும். இந்த இதழில் இது மட்டும்தான்.

அண்ணா, கனடாவில் இருக்கும் சித்தப்பா என் பிறந்தநாளுக்கு ஒரு கார் ரேஸ் கேமைப் பெட்டியோடு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். திறந்து பார்த்தால் உள்ளே டிஸ்க் இல்லை. ஒரு தாளில் கோட் மட்டும் இருக்கிறது. அதை அடித்தால் 60 ஜிபி இறக்க வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டில் போன் ஹொட்ஸ்பொட்தான், அதுவும் மாமரத்தடியில் வைத்தால்தான் வேலை செய்யும். சித்தப்பாவிடம் சொல்லவும் ஒரு மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?
உயர்தர மாணவன், மல்லாவி

தம்பி, முதலில் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அவர் ஆசையாக வாங்கி அனுப்பியது உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அவருக்குத் தெரியத்தான் வேண்டும். அங்கே இருக்கிறவர்களுக்கு 60 ஜிபி ஒரு பின்னேரத்து வேலை. இங்கே அப்படி இல்லை என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

இந்தப் பழக்கம் புதிதல்ல. 2004 நவம்பரில் ‘ஹாஃப் லைஃப் 2’ வந்தபோதே, கடையில் டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கணக்குத் திறந்து, இணையம் வழியாக ஒருமுறை செயற்படுத்தினால்தான் விளையாட முடிந்தது. வன்னியில் அப்போது பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே கிடையாது. அன்று டிஸ்க்கிலாவது கேம் இருந்தது, அனுமதி மட்டும் வெளியில் இருந்தது. இன்று பல பெட்டிகளில் கேமும் இல்லை, அனுமதிச் சீட்டு மட்டும் இருக்கிறது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ சுவிட்ச் 2 என்ற கேம் கருவியிலும் இப்படி ஒரு வகைக் கார்ட் உண்டு. கார்ட்டைச் செருகினாலும் கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருவோம். கோட்டைச் செயற்படுத்துவது ஒரு வேலை, கேமை இறக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் கனபேர் களைத்துப் போகிறார்கள். செயற்படுத்துவதற்கு மிகக் கொஞ்ச டேட்டா போதும். கோட் சரியானதா, முன்பே யாரும் பயன்படுத்தினார்களா என்று சேர்வர், அதாவது நிறுவனத்தின் கணினி, பார்க்கும், பார்த்து உங்கள் கணக்கில் சேர்த்துவிடும். மாமரத்தடிச் சிக்னல் அதற்குத் தாங்கும். இதை முதலில் செய்யுங்கள். சில கோட்கள் வாங்கிய நாட்டுக்குள் மட்டும்தான் ஏற்கப்படும். அப்படி மறுத்தால் பில்லோடு கடைக்குப் போய்க் கேட்கச் சித்தப்பாவுக்கு இப்போதே நேரம் இருக்கிறது. இன்னொன்று, ஒரு கணக்கில் சேர்ந்த கோட்டைப் பிறகு வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே சிநேகிதனின் கணக்கில் போட்டுப் பார்க்காமல் உங்கள் சொந்தக் கணக்கிலேயே போடுங்கள்.

இறக்குவதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நொடிக்கு 8 மெகாபிட் வேகம் விடாமல் கிடைத்தால் 60 ஜிபிக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலம் போகும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் ஓர் இரவில் 7 மணித்தியாலம் கிடைத்தாலும் மூன்று இரவு வேண்டும். இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும், பயப்பட வேண்டாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கேம் ஸ்டீமில் இயங்குவது என்றால், அதே கேமை வைத்திருக்கும் ஒருவரின் கணினியிலிருந்து கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, உங்கள் கணினியில் ஸ்டீமின் கேம் போல்டரில் போட்டுவிட்டு ‘இன்ஸ்டோல்’ அழுத்துங்கள். இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்து, குறைகிறதை மட்டும் இறக்கும். 2023இலிருந்து ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே கேமை நேரே மாற்றும் வசதியும் ஸ்டீமில் இருக்கிறது. கேம் உங்கள் கணக்கில் இருப்பதால் இதில் களவு எதுவும் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் வரும்போது ஹார்ட் டிஸ்க்கோடு கடைக்கு வந்தாலும் செய்து தருகிறேன்.

என் மகன் என்னுடைய வங்கிக் கார்டைக் கேட்கிறான். டொலரில் ஒரு கேம் வாங்க வேண்டுமாம். “ஒருக்கா வாங்கினால் சாகும்வரை எங்களுடையது அம்மா” என்கிறான். காற்றில் இருக்கிற பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது சரியா, தம்பி? அவன் சொல்வது உண்மையா?
ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அக்கா, மகன் பொய் சொல்லவில்லை. கடையில் ‘வாங்கு’ என்று பட்டன் இருக்கும்போது அவன் வேறு எப்படி விளங்கிக்கொள்வான்? ஆனால் அவன் சொல்வது உண்மையும் இல்லை.

உங்களுக்குக் காணி விசயம் நன்றாகத் தெரிந்திருக்கும். உறுதிக் காணி வேறு, பெர்மிட் காணி வேறு. பெர்மிட் காணியில் வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம். ஆனால் நினைத்தபடி விற்க முடியாது, நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை ரத்துச் செய்யலாம். மகன் வாங்கப் போவது பெர்மிட். அதுவும் காணிப் பெர்மிட்டைவிடக் கீழான பெர்மிட். காணிப் பெர்மிட்டில் உங்களுக்குப் பிறகு யார் என்று பெயர் பதியலாம். ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க அதன் ஒப்பந்தம் இடம் தருவதில்லை, பிள்ளைக்கும்கூட. இடம்பெயர்ந்த காலத்தில் எதை விட்டாலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் வைத்துக்கொண்டு நடந்த சனம் நாங்கள். கையில் ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் ‘வாங்கு’ என்ற அந்தப் பட்டன்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டெம்பரில் ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது அனுமதி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை ‘வாங்கு’ என்று காட்டி அங்கே விற்க முடியாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கூடியதாகக் கொடுத்தால் இந்தச் சட்டம் தொடாது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் காசு கட்டும் பக்கத்தில் ‘நீங்கள் பெறுவது உரிமம்’ என்ற கருத்தில் ஒரு வரியைச் சேர்த்தது. மகனை அந்த வரியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம் அக்கா. பிள்ளை நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கக் கேட்கிறான், அதைத் தட்டிவிடாதீர்கள். ஆனால் கார்ட் விவரத்தைக் கணினியில் சேமிக்க விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே இலக்கத்தை அடியுங்கள், வரும் ஓடிபியை நீங்களே பாருங்கள். டொலர் விலையை ரூபாவுக்கு மாற்றும்போது வங்கி தன் கட்டணத்தையும் சேர்க்கும், ஆகவே திரையில் தெரியும் விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் போகும். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கிய அன்றே வீட்டுக் கணினியில் ஓடுகிறதா, இணையத்தைக் கழற்றினாலும் ஓடுகிறதா என்று அந்த நேரத்துக்குள் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நான் தனியாக விளையாடும் கேம் அது. எதிரில் வேறு ஆள் கிடையாது. ஆனால் மழை இருட்டிச் சிக்னல் போனால் கேமும் நின்றுவிடுகிறது. தனி ஆள் விளையாட எதற்கு இணையம்?
வாசகர், நெடுங்கேணி

உங்கள் கேள்வியில்தான் இந்தப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. பதில்: பெரும்பாலும் உங்களுக்காக இல்லை, அவர்களுக்காக. திருட்டுப் பிரதியைத் தடுக்க, உங்கள் கணக்கைக் கண்காணிக்க, கேமுக்குள் இன்னும் பொருள்களை விற்க.

2010இல் யுபிசொஃப்ட் என்ற கேம் நிறுவனம் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ கேமைக் கணினிக்குக் கொண்டுவந்தது. கதை முழுக்கத் தனி ஆள் விளையாடுவது. ஆனால் விளையாடும் நேரமெல்லாம் இணைப்பு இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். மார்ச் மாதம் அவர்களுடைய சேர்வர்கள் பல மணித்தியாலம் விழுந்தபோது, வீட்டில் நல்ல இணைப்பு வைத்திருந்தவர்களும் விளையாட முடியாமல் இருந்தார்கள். காசு கொடுத்தவர்கள்தான் மாட்டுப்பட்டார்கள்.

அதைவிட முக்கியமானது 2013 மார்ச்சில் வந்த ‘சிம்சிட்டி’. நகரம் கட்டும் கேம். வந்த முதல் நாட்களில் சேர்வர் நெரிசலால் ஆட்கள் உள்ளேயே போக முடியவில்லை. இணையம் இல்லாமல் ஓட விடுங்கள் என்று கேட்டபோது, கேமின் கட்டமைப்பே இணையத்தோடு பின்னியது, பெரிய வேலையில்லாமல் பிரிக்க முடியாது என்று விளக்கம் சொன்னார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் இணையம் இல்லாமல் விளையாடும் வசதியை அவர்களே கொடுத்தார்கள்! முடியாது என்று நிறுவனம் சொல்லும்போது, செய்ய மனமில்லை என்பதும் அதற்குள் இருக்கலாம் என்று நான் நினைப்பது இந்தக் கேமுக்குப் பிறகுதான்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் ரவரின் பெட்டரியும் இறங்கிச் சிக்னலும் போய்விடும். லேப்டொப்பில் சார்ஜ் இருந்தது, கேம் இருந்தது, அனுமதி கேட்க மட்டும் வழியில்லை. இணையம் எப்போதும் இருக்கும் என்று நினைத்து ஒரு பொருளைச் செய்கிறவர்கள் நெடுங்கேணியை ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஊரில் லைன் அறுந்தால் பின்னேரத்துக்குள் ஆள் வந்து கட்டுவான்.

உங்கள் கேம் எப்போதும் இணைப்புக் கேட்கும் வகை என்றால் நேர்மையான வழி எதுவும் என்னிடம் இல்லை. அவ்வப்போது மட்டும் கேட்கும் வகை என்றால் வழி உண்டு. சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் கேமை முழுதாக அப்டேட் செய்யுங்கள். கடவுச்சொல்லை நினைவில் வைக்கும்படி டிக் போட்டு உள்ளே போய், கேமை ஒருமுறை திறந்து மூடுங்கள். பிறகு ஸ்டீம் மெனுவில் ‘ஓஃப்லைன்’ நிலைக்கு மாற்றுங்கள். சிக்னல் போன பிறகு மாற்ற முயன்றால் சில நேரம் சரிவராது, முன்கூட்டியே செய்து வையுங்கள். கணினியின் திகதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். பழைய மதர்போர்டில் சின்னப் பெட்டரி செத்துத் திகதி பின்னுக்குப் போனால் சேர்வர் ஏற்காமல் விடுவதுண்டு. அந்தப் பெட்டரி மலிவு, மாற்றிவிடுங்கள்.

விசுவமடுவில் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்துகிறேன். ஒரு கேமைக் காசு கொடுத்துத்தான் போட்டேன். வைரஸ் வந்து கணினிகளை ஃபோர்மட் அடித்த பிறகு, செயற்படுத்தும் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வருகிறது. புதிதாக வாங்கவா?

உடனே வாங்க வேண்டாம் அண்ணை. இப்படிப்பட்ட கேம் உங்கள் கணினியின் பாகங்களைப் பார்த்து ஓர் அடையாளம் உண்டாக்கி நிறுவனத்துக்கு அனுப்பும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலோ மதர்போர்டை மாற்றினாலோ, அதை வேறு கணினி என்று எடுத்துக்கொள்ளலாம். 2008இல் ‘ஸ்போர்’ என்ற கேம் மூன்று கணினிக்குத்தான் என்று வந்தது. வாங்கியவர்கள் அமேசானில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கொதித்த பிறகு அதை ஐந்து ஆக்கினார்கள்.

பில்லும், கோட் தாளின் படமும், திரையில் வந்த பிழைச் செய்தியின் படமும் சேர்த்து அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்துக்கு எழுதுங்கள். எண்ணிக்கையைத் திரும்ப விடும்படி கேளுங்கள், நாகரிகமாகக் கேட்டால் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இனிமேல் ஃபோர்மட் அடிக்க முன் கேமுக்குள் ‘டீஅக்டிவேட்’ இருக்கிறதா என்று பார்த்து அதை முதலில் அழுத்துங்கள். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: வீட்டுப் பாவனைக்கு விற்கும் கேமைக் காசு வாங்கி மற்றவர்களை விளையாட விடுவதற்குப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இடம் தருவதில்லை. ஸ்டீமில் கேம் சென்டர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

எல்லாம் கேட்டுப் பார்த்தால், கிராக் அடித்த, அதாவது பூட்டை உடைத்த கேம்தானே இவற்றைவிட நல்லது? அதற்கு இணையமும் வேண்டாம், கோட்டும் வேண்டாம்.
வாசகர், முள்ளியவளை

காசு கொடுத்தவன் கஷ்டப்படுகிறான், கொடுக்காதவன் நிம்மதியாக விளையாடுகிறான். இது நிறுவனங்கள் தாங்களே உண்டாக்கிய நிலை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கிராக் அடித்த கேமால் கெட்டுப்போய் என் கடைக்கு வரும் கணினிகளையும் பார்க்கிறேன். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போடச் சொல்வார்கள். பிறகு ஃபேஸ்புக் கணக்கும் போய், அக்காவின் கல்யாணப் படங்களும் பூட்டுப்பட்டுப் போய் வந்து நிற்பார்கள். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படியும் அது குற்றம்.

வேறு வழி இருக்கிறது. 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற கடை, பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. இன்ஸ்டோலரை ஒருமுறை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் பிறகு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கடையே மூடினாலும் உங்கள் பிரதி ஓடும். இட்ச் என்ற தளத்தில் சின்னக் குழுக்கள் செய்யும் கேம்களில் பலவும் அப்படித்தான். காசே இல்லை என்றால் ‘பாட்டில் ஃபோர் வெஸ்னொத்’, ‘சூப்பர் டக்ஸ் கார்ட்’, ‘ஓபன் டிடிடி’, ‘0 ஏ.டி.’ இருக்கின்றன. இவை திறந்த மூல கேம்கள். பென் டிரைவில் போட்டு ஊர் முழுக்கக் கொடுக்கலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. பள்ளிக்கூடக் கணினி அறைக்கு ஒரு ஆசிரியர் கேட்டபோது நான் போட்டுக் கொடுத்ததும் இவற்றைத்தான். பிள்ளைகள் இப்போதும் விளையாடுகிறார்கள், அந்த அறையில் இணையமே கிடையாது.

‘தி க்ரூ’ என்ற கேமை நிறுவனமே நிறுத்திவிட்டதாக வாசித்தேன். வாங்கி வைத்த எல்லோருக்கும் போய்விட்டதாம். இதற்கு நாங்கள் செய்யக் கூடியது ஏதும் உண்டா?
பல்கலைக்கழக மாணவி, வவுனியா

நீங்கள் வாசித்தது சரி, தங்கச்சி. 2014 டிசம்பரில் வந்த கார் ஓட்டும் கேம் அது. தனியாக ஓட்டும் கதையும் அதில் உண்டு, ஆனால் எல்லாமே சேர்வரில் தங்கியிருந்தது. 2024 மார்ச் 31 அன்று யுபிசொஃப்ட் சேர்வரை நிறுத்தியது. பிறகு பலரின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டது. பத்து வருடம்கூட ஆகவில்லை.

அதைப் பார்த்து ரோஸ் ஸ்கொட் என்பவர் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தை 2024 ஏப்ரலில் தொடங்கினார். அவர்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. காலமெல்லாம் சேர்வரை நடத்து என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஓட்டக்கூடிய நிலையில் கேமை விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களின் மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நாங்கள் அதில் கையெழுத்துப் போட முடியவில்லை, அது ஒன்றியத்தின் குடிமக்களுக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் சத்தம் போட்டால் நடக்கிறது. 2013இல் எக்ஸ்பொக்ஸ் ஒன் என்ற கேம் கருவி 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்கும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், விற்பனைக்கு வருமுன்பே, அந்த ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றது. ‘தி க்ரூ’ கேமின் அடுத்த பாகங்களுக்கு இணையம் இல்லாமல் ஓடும் வசதி தருவதாக யுபிசொஃப்டே 2024 செப்டெம்பரில் அறிவித்தது. மற்ற நாட்டில் போட்ட சத்தத்தின் பலன் வவுனியாவுக்கும் வந்து சேரும், ஏனென்றால் எல்லோருக்கும் வருவது ஒரே அப்டேட்.

உள்ளூரில் செய்யக் கூடியதும் இருக்கிறது. பெட்டியில் டிஸ்க் இருப்பதாகச் சொல்லியோ, இணையம் வேண்டாம் என்று சொல்லியோ இங்குள்ள கடை விற்றிருந்தால், அது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது. 2003இன் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத் தடுக்கிறது. பில்லை வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம். வெளிநாட்டு இணையக் கடையிடம் அது செல்லாது, அங்கே உங்களிடம் இருப்பது காசு திருப்பிக் கேட்க ஸ்டீம் தரும் அந்த 14 நாளும், பக்கத்தின் கீழே நீங்கள் எழுதும் விமர்சனமும்தான். விமர்சனத்தைத் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, எழுதுங்கள். “வன்னியில் சிக்னல் போனால் இது ஓடாது” என்று ஒரே வரி போதும். அதை வாசித்துவிட்டு மல்லாவியில் ஒருவர் கார்டைத் திரும்பப் பைக்குள் வைப்பார்.

(இணையம் இல்லாமல் ஓடும் கேம்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். நீங்களே இணையத்தைக் கழற்றி ஓட்டிப் பார்த்தவை மட்டும். எந்தக் கடையில் வாங்கினீர்கள், எத்தனை ஜிபி என்பதும் வேண்டும்.)